அருளப்பன் பிரித்த மூன்று தொட்டிகள்

போன வியாழக்கிழமை மதியம், இங்கே வளைகுடாவில், கராமாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள கடையில் மகளுக்கு நோட்டு வாங்க நின்றிருந்தபோது குளச்சலிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அருளப்பனின் மைத்துனர். "அத்தான் போயிட்டாவ சார். ஒங்ககிட்ட மறக்காம சொல்லணும்னு அக்கா சொன்னா." இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன். நோட்டை வாங்காமலேயே மாடி ஏறிவிட்டேன்.

அல் கூஸ் கிடங்கில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேவியர் என்ற விலையுயர்ந்த மீன்முட்டைக்காக ஸ்டர்ஜன் மீன்களைக் குளிர்ந்த நீரில் வளர்த்த இடம் அது. நான் தர அதிகாரி, சென்னையில் மீனியல் படித்தவன். அருளப்பன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன். முப்பது வயது வரை கடலுக்குப் போனவர். ஸ்டர்ஜன் நம் கடலில் கிடையாது. இங்கே வந்துதான் அதை முதலில் பார்த்தார். முதல் வாரம் டூட்டி முடிந்த பிறகும் தங்குமிடத்துக்குப் போகும் கேம்ப் பஸ்ஸில் ஏறாமல் தொட்டியருகே நின்றிருந்தார். என்ன என்று கேட்டேன். "மொகம் பழகணும் சார்" என்றார்.

ஒரு கோடைக்காலத்தில் ஒன்றரைச் சாண் நீளக் குஞ்சுகள் விமானத்தில் வந்தன. எல்லாம் ரஷ்ய ஸ்டர்ஜன் என்றது தாள். அன்று எனக்கு வேறு இரண்டு வேலைகள். பெட்டிகளைத் திறக்காமலேயே சரிபார்த்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை அருளப்பன் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. பயணத்தில் செத்த இரண்டு மீன்கள் அதில். "சார், இது ரெண்டும் ஒண்ணில்ல. இதுக்க மூக்கு மழுங்கல், மீச நாலும் மூக்கு நுனிக்கிட்ட இருக்கு. அதுக்க மூக்கு நீளம், கூர்மை."

மூக்கை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒரே இனத்திலேயே மாறும் என்றேன். நான் படித்ததும் அதுதான். கொஞ்சம் எரிச்சலாகவும் சொன்னேன்.

"அதனாலதான் செவுளத் தொறந்தேன்" என்று சொல்லி லென்ஸை நீட்டினார். செவுளின் உள்பக்கம் சீப்புப் பல் போல் வரிசையாக முட்கள் இருக்கும். ஒரு மீனில் அவை ஒற்றை நுனியோடு நின்றன. மற்றதில் ஒவ்வொன்றும் குட்டி விசிறிபோல் விரிந்திருந்தது. அது சைபீரிய ஸ்டர்ஜனின் அடையாளம். பரீட்சையில் நான் எழுதிய விடை. நேரில் பார்த்தது அன்றுதான்.

இறக்குமதி அனுமதி ஒரு இனத்துக்கு மட்டும். பின்னால் தெரியவந்தால் கையெழுத்துப் போட்டவனை விசா கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்கள். "யாரிடமும் சொல்ல வேண்டாமே" என்றேன். அப்படிச் சொன்னதை இன்று மறைக்க விரும்பவில்லை. அருளப்பன் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அவர் குஞ்சுகளை ஒவ்வொன்றாக ஈரக் கையில் ஏந்தி, செவுள் மூடியைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பார்த்துப் பிரித்தார். மாலையில் போனபோது மூன்று தொட்டிகள் இருந்தன. மூன்றாவது எதற்கு என்றேன்.

"அது எனக்குத் தெரியாதது சார். அங்கயும் சேரல, இங்கயும் சேரல. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டா அப்புறம் ஒருத்தரும் திரும்பப் பாக்க மாட்டாவ."

ஹைதராபாத்காரரான மேனேஜர் அப்போதுதான் உள்ளே வந்தார். மூன்று தொட்டிகளையும் பார்த்தார். அருளப்பன் விஷயத்தைச் சொல்ல, அவர் முகம் மாறியது. "யே கிஸ்னே தேக்கா?" என்றார். இதை யார் பார்த்தது?

நான் மூன்றாவது தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். அருளப்பன் சொன்னார்: "ஹம் தோனோ, சாப்." நாங்கள் இருவரும்.

பரிசோதனைச் சாலை முடிவு சில வாரங்களில் வந்தது. இரண்டு தொட்டிகளிலும் அவர் பிரித்தது சரி. மூன்றாவதில் இருந்தவை கலப்பினம். மீன் வந்தவுடனேயே அதிகாரிகளுக்குத் தெரிவித்ததால் கம்பெனிக்குச் சிக்கல் வரவில்லை, அனுப்பியவர்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அருளப்பன் பெயர் இல்லை. எழுதியவன் நான். அடுத்த வருடம் என்னை உதவி மேனேஜர் ஆக்கினார்கள்.

சிறுநீரகக் கோளாறால் அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் ஒத்தையில சொன்னா தாள்ல ஒங்க கையெழுத்துல்லா மாட்டும்? ஒங்க பிள்ள வேற இங்க படிக்கி. மீன் அததுக்க தொட்டிக்குப் போச்சு. கலாஸ், முடிஞ்சு போச்சு, விடுங்க."

விட்டுவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் என் தவறு.

அல் கூஸ் நண்பர்களே, அன்று பார்த்தவர் அருளப்பன் மட்டும்தான். நான் பார்க்கவில்லை; அவர் காட்டிய பிறகு மறைக்கவும் நினைத்தேன். அவர் எனக்குக் கொடுத்த பாதிப் பெருமையை இத்தனை நாள் முழுதாக எனதாக்கி வைத்திருந்தேன். இனி என்னிடம் இருப்பது, லென்ஸை நீட்டியபடி என் மேஜை முன் அவர் காத்து நின்ற அந்த ஒரு நிமிடம்.