சிவப்பு மையில் எழுதிய பயணங்கள்

சின்னமனூர் மாரீஸ்வரி இருபத்து மூன்று வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தாள். ஊரில் "ஏரோப்ளேன்காரி" என்றால்தான் தெரியும். லண்டன் பனியில் பட்டுச்சேலையோடு நின்றவள், விடுப்பில் வந்தால் அக்காள் அக்கம்மாளோடு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவாள்.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சசிதரனை அக்கம்மாள்தான் வளர்த்தாள். அவனோடு மாதத்தில் பத்து நாளாவது இருக்க மாரீஸ்வரி ஒரு வழி வைத்திருந்தாள். மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் நியூயார்க் பயணங்களை மாற்று டூட்டியாகக் கேட்டு வாங்கி, அடுத்தடுத்துப் பறந்து முடித்துவிடுவாள். மீதி நாளெல்லாம் ஊர். பறந்த மணிநேரங்களை டைரியில் எழுதுவாள். தனக்கு வந்த டூட்டி நீல மையில். கேட்டு வாங்கியது சிவப்பில்.

2006இல் ஓய்வு. ஐந்து வருடம் கழித்து மார்பில் கட்டி.

மதுரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவரின் சட்டையில் ஒரு சின்னப் பட்டை தொங்கியது.

"இது எதுக்குத் தம்பி?"

"எம்மேல எவ்வளவு கதிர் படுதுன்னு அளக்கம்மா."

"எங்களுக்குப் பேருப் பட்டை மட்டுந்தான் குத்துனாக" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் டைரிகளை எடுத்துச் சசிதரன் முன்னால் வைத்தாள். அவன் அளவுக் கருவிப் பொறியாளன்.

"எம்மேல எம்புட்டுப் பட்டுச்சுன்னு கூட்டிச் சொல்லுடா. எனக்குத் தெரியணும்."

அவன் இரண்டு வாரம் கூட்டினான். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விண்வெளியிலிருந்து வரும் விண்கதிரைத் தடுக்க ஆளில்லை. நியூயார்க் பாதைபோலத் துருவத்துப் பக்கம் போகப்போக இன்னும் அதிகம். பணிப்பெண்களுக்கு மார்புப் புற்று கூடுதல் என்று ஆய்வுகள் சொல்லின. கதிராலா, கெட்ட தூக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல அவற்றால் முடியவில்லை. ஒருத்தியை நிறுத்தி, இவளுக்கு இதனால்தான் என்று சொல்லவும் வழியில்லை.

ஐந்தாவது கீமோ முடிந்த சனிக்கிழமை அக்கம்மாள் இருவரையும் குச்சனூர் சனீஸ்வரன் கோவிலுக்குக் கிளப்பினாள். அவள் கணக்கில் இது ஏழரைச் சனி. அவள் எள் விளக்கு வாங்கப் போனபோது அம்மாவும் மகனும் காரிலேயே இருந்தார்கள்.

"பொட்டிப்புரத்து மலையைக் குடைஞ்சு என்னமோ கட்டப்போறாகளாமே?"

"ஆய்வகம்மா. மிஷின் மேல விண்கதிர் படாம இருக்க ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில."

"மிஷினுக்கு அம்புட்டு மறைவாக்கும்! நாங்க தகரத்துக்குள்ள நின்னு காபி ஊத்துனோம்." பிறகு கையை நீட்டினாள். "கணக்கைக் கொண்டா."

அவன் தாளைக் கொடுத்தான். ஒரே எண். இருபத்து மூன்று வருடத்தில் உடம்பில் பட்ட கதிர், எண்பது மில்லிசீவர்ட்.

"சிவப்பு எங்கடா?"

"அதுவும் சேர்ந்துதாம்மா."

"நீ தனியா கூட்டாமயா இருந்திருப்ப? எம்புட்டு?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாதிக்கு மேல. எல்லாம் நான் இங்கன இருந்ததுனால."

மாரீஸ்வரி தாளை மடித்தாள்.

"ஒரு சிவப்பு உனக்கு அம்மை போட்டப்ப கூட இருக்க. இன்னொண்ணு நீ கணக்குல பெயிலாயி கிணத்தடியில உக்காந்திருந்தப்ப. பரோட்டா கேட்டு அழுததுக்கு ரெண்டு. எதைக் குறைக்கச் சொல்ற?"

மடித்த தாளை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"ஏலே, ஆத்தாளுக்கு எதிரா கணக்குப் போடத்தான் படிச்சியா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்கம்மாள் கார் கதவைத் தட்டினாள். "அங்கன சனீஸ்வரன் காத்திருக்கான், இங்கன என்னடி கொஞ்சல்?"

இறங்கும்முன் மாரீஸ்வரி சொன்னாள். "இதை எங்க பணிப்பெண் சங்கத்துக்கு எழுதிப் போடு. புதுப்பிள்ளைகளுக்கும் அளக்கச் சொல்லு. சிவப்பு, நீலம்னு பிரிச்சு எழுதிராத. கேட்டு வாங்கிப் பறந்தாலும் வேலை வேலைதான்."

2013 தையில் அவள் போனாள். பதினாறாம் நாள் முடிந்து சசிதரன் சங்கத்துக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்தான். பெயர், பறந்த ஆண்டுகள், மொத்த மணிநேரம், ஒரே எண்.