கவுண்டரில் கிடந்த இரண்டு போன்கள்

இன்று மாலதியுடன் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனேன். அவளுக்கு கே.கே. நகரில் தையல் கடை, எனக்குத் தென்னூரில். முகூர்த்த மாதம். இரண்டு கடையிலும் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெருமாள் முன்னால் நின்றும் நான் நினைத்தது என் போனைத்தான்.

வெளியே வந்து வாங்கிப் பார்த்தால், என் போன் முழுக்க மிஸ்டு கால். மாலதியின் போனில் ஒன்றுகூட இல்லை.

வயிறு எரிந்தது.

"என்னடி, உன் கடையில வேலையே இல்லையா?"

"தலைக்கு மேல இருக்கு. பொண்ணுங்க பாத்துப்பாங்க" என்றாள், தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே.

நான் பதறிப்போய் என் கடைக்குப் போன் போட்டேன். கட்டிங் பார்க்கும் செல்வி எடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, டீ சொல்லலாமான்னு கேக்கத்தான்."

"அதுக்கா இத்தனை தடவை?"

"உங்களைக் கேக்காம எதுவும் செய்யக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

மாலதியின் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: "இனிமே எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுங்க!"

திரும்பும் பஸ்ஸில் மாலதி ஜன்னலில் சாய்ந்து தூங்கியே விட்டாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் மெதுவாகப் போனை எடுத்தேன்.

"செல்வி, கடைசில டீ சொன்னீங்களா, காபி சொன்னீங்களா?"

கடையை விட்டுவிட்டு இப்படித் தூங்குவது எப்படி? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மாலதி மட்டும் சொல்ல வேண்டாம்.