அக்காவின் நீண்ட மூச்சு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் பணிவான வணக்கம். அக்காவின் நற்குணங்களை எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டாள். எழுதுகிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் பொறாமை இல்லாமல் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா கல்லல் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வருடம் கழித்து நானும் அங்கேதான் பிறந்தேன். அதை யாரும் பெரிதாகச் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா இறந்தபின் காரைக்குடிக்கு வந்து, இருவரும் விறகடுப்பில் பலகாரம் போட்டு விற்றோம். மாவு பிசைந்ததும் நான், முறுக்குப் பிழிந்ததும் நான். வாங்க வருகிறவர்கள் அக்காவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். இளவயதில் கணவரை இழந்தும் மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார் என்று ஊரே மெச்சியது. கல்யாணமே செய்துகொள்ளாமல் அவர் கூடவே நின்று உழைத்தவளை யாரும் மெச்சவில்லை.

அடுப்புப் புகை மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை. இருவருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். மருந்தோடு பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர் எங்களை மருத்துவமனை வகுப்புக்கு அனுப்பினார். பிசியோதெரபி பெண் ஒருத்தியும் யோகா மாஸ்டர் ஒருவரும் சேர்ந்து நடத்தினார்கள். முதலில் நடை, பிறகு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, அதன்பின் நாற்காலியில் அமர்ந்து ஆசனம், உதட்டைக் குவித்து ஊதுவது, வண்டுபோல ரீங்காரம் செய்வது.

"இது நோயப் போக்கிடாது. இருக்குற மூச்சச் செட்டாச் செலவழிக்கப் பழகுறோம், அம்புட்டுத்தான்" என்பார் மாஸ்டர்.

அக்காவின் ரீங்காரம் நீண்டுகொண்டே போகும். எனக்குப் பாதியில் இருமல் வந்துவிடும். "பெரியம்மாவப் பாருங்க, எம்புட்டு நிதானமா விடுறாக!" என்று அந்தப் பெண் எல்லோருக்கும் காட்டுவாள். நோயில்கூட இவருக்குத்தான் முதலிடமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வராந்தாவில் நடைப்பயிற்சி. அவரவர் வேகத்தில் நடந்தால் போதும், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அக்காவின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றாவது முந்திவிட வேண்டும் என்று விரைந்தேன். முந்தியும்விட்டேன். அடுத்த நிமிடம் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அக்கா வந்து, என் கைகளைச் சன்னல் விளிம்பில் ஊன்றவைத்துக் குனியச் சொன்னார்.

"என்னையப் பாரு. இழுக்காத, மொதல்ல வெளிய விடு. மெதுவா ஊதுடீ."

"நீங்க ஏன் ஓடுனீக?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"அவ சின்னப்புள்ளையிலேர்ந்தே அப்படித்தான்" என்று அக்கா சிரித்தார். அவர் ஊதியபடியே ஊதித்தான் எனக்கு மூச்சு வந்தது. நன்றியைவிடக் கோபமே அதிகம் இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்கு வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தும் மூச்சு துண்டு துண்டாக வந்தது. பயந்துபோயிருந்தார். நான் எதிரே அமர்ந்து, வகுப்பில் செய்ததுபோல உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன். அக்கா இரண்டு எண்ணுவதற்குள் ஊதுவதை நிறுத்திவிட்டார். நான் ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் முகமூடியை விலக்கினார். "ஒனக்கு மட்டும் எப்படிடீ இம்புட்டு மூச்சு?"

அது பாராட்டல்ல. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுள் முழுக்க நான் அவரைப் பார்த்த பார்வை அது. "ஒங்கிட்டப் பழகுனதுதாங்க்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை அக்கா இறைவனடி சேர்ந்தார்.

இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அந்தப் பிசியோதெரபி பெண்ணுக்கும், மாஸ்டருக்கும், மூச்சு வாங்க வாங்க மயானம் வரை வந்த வகுப்புத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் இன்னும் வகுப்புக்குப் போகிறேன். இப்போது அங்கே எல்லோரையும்விட நீளமாக மூச்சு விடுவது நான்தான். அந்தப் பெண் என்னைத்தான் காட்டுகிறாள். அக்கா ஒரே ஒரு தடவை வந்து, அதைப் பார்த்து வயிறெரிய மாட்டாரா என்றிருக்கிறது.