வத்தல்மலையில் என் காமிராவுக்கு நேர்ந்தது

நான் தருமபுரியில் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றித் துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தவன் என்றோ, கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றவன் என்றோ என்னை எவரும் சொன்னதில்லை. சென்ற கார்த்திகையில் நான் மேற்கொண்ட வத்தல்மலைப் பயணத்தைப் பற்றி இப்போது ஒரு கதை அச்சேறி உலவுகிறது. ஆகவே அதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என்னிடம் ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா இருக்கிறது. தருமபுரிக் கடைத்தெருவில் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் கடையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் காமிரா இல்லை. இரண்டு பென்சில் பேட்டரிகள் போட வேண்டும். அதைக் கண்டவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: செல்பேசியிலேயே படம் எடுக்கலாமே? எடுக்கலாம். செல்பேசியில் கடிகாரமும் இருக்கிறது. அதற்காக எவரும் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்வதில்லை. பேசுவதற்கு ஒரு கருவி, பார்ப்பதற்கு ஒரு கருவி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அதை விளக்க நான் எவருக்கும் கடமைப்பட்டவன் அல்லன்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் மன்றம் ஆண்டுமலர் வெளியிடுகிறது. அதற்கு வத்தல்மலையைப் பற்றிய பயணக் கட்டுரையும் படங்களும் தருவதாகக் கூட்டத்தில் அறிவித்தேன். அப்போது விலங்கியல் விரிவுரையாளராக ஓய்வு பெற்ற தணிகாசலம் எழுந்து, “அந்த டப்பாவுல எடுத்தா மலை தெரியாது சார், வெறும் வத்தல்தான் தெரியும்” என்றார். அவை சிரித்தது. மலரில் வரும் ஒவ்வொரு படமும் இந்தக் காமிராவால் எடுத்ததாகவே இருக்கும் என்று நான் அந்த இடத்திலேயே சொன்னேன். “அப்படின்னா நானும் கூட வரேன், சாட்சிக்கு” என்றார் அவர். மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் அஞ்சுவதாக ஆகும் என்று எண்ணி உடன்பட்டேன்.

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டோம். மலையூர்களுக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். என் கழுத்தில் தொங்கிய காமிராவை நடத்துநர் உற்றுப் பார்த்தார்.

“சர்வேங்களா சார்? ரோடு போடற சர்வேயா, வூடு குடுக்கற சர்வேயா?”

“சர்வே இல்லை. ஊர் பார்க்கப் போகிறோம்.”

“அப்ப டிக்கெட் எடுத்துக்குங்க. சர்வேகாரங்கதான் எடுக்க மாட்டாங்க.”

பின் இருக்கையில் உப்பு மூட்டையோடு அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் உரக்கச் சிரித்தார். தணிகாசலமும் சேர்ந்து சிரித்தார். நான் இரண்டு சீட்டுகளுக்கும் பணம் கொடுத்துவிட்டு வெளியே பார்த்தேன்.

எட்டு மணிக்கு அடிவாரம். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் பேருந்து மூச்சு வாங்கி நின்று, மறுபடி ஏறுகிறது. கீழே தருமபுரியின் ஏரிகள் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப்போல மின்னின. பாறைக்கும் சாலைக்கும் இடையே பனி இன்னும் விலகவில்லை. இந்த மலைக்குச் சாலை வந்தது நல்லது; நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கிய மக்கள் இவர்கள். ஆனால் அதே சாலையில் ஏறி வருகிற விடுமுறைக் கூட்டம் ஒவ்வொரு வளைவிலும் புட்டியையும் நெகிழிப் பையையும் வீசிவிட்டுப் போயிருக்கிறது. படித்தவர்கள் வீசியவை இவை. மலைக்காரர் எவரும் தம் வழியில் கண்ணாடியை உடைத்துப் போடமாட்டார். அந்தக் குப்பையையும் ஒரு படம் எடுத்தேன். மலரில் அதையும் போட எண்ணியிருந்தேன்.

ஒன்பதரை மணிக்குப் பெரியூரில் இறங்கி நடந்தோம். மேலே காற்று வேறு. நிழல் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள், அவற்றில் சிவந்த பழங்கள். மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி. திறந்த சரிவுகளில் அறுத்த சாமைத் தாளும், நிற்கிற கேழ்வரகும். தேநீர் பன்னிரண்டு ரூபாய். கீழே விற்பதைவிடத் தரமானது. காமிரா அன்று நன்றாகவே உழைத்தது. அது பெரிய கருவிகளைப்போல் விரைவானதன்று. பொத்தானைத் தொட்டவுடன் ‘பீப்’ என்று ஒலிக்கும். அது குறி பார்க்கும் ஒலி மட்டுமே. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்தே படம் விழும். அசையாத பொருளுக்கு அது போதும். மலை அசைவதில்லை. பத்தரை மணிக்குள் மலருக்கு வேண்டிய படங்களுக்கு மேலாகவே எடுத்துவிட்டேன். தணிகாசலம் தம் செல்பேசியில் தம்மையே எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் எங்கோ மலை இருந்திருக்கும்.

பதினொன்றே முக்கால் மணிக்கு, பெரியூரைத் தாண்டிய ஒரு சிற்றூரின் வெளிப்புறத்தில், சாமைக் களம் ஒன்றைக் கண்டோம். சாணம் மெழுகிய தரை. நடுவில் தூற்றி முடித்த சாமை, இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்து, வெயிலில் வெளிறிய பொன்னாக இருந்தது. அதைப் பொலி என்கிறார்கள். களத்துக்கு உரியவர் வெள்ளையன், ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி காளியம்மா முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையனின் தம்பி மாடுகளைப் பிடித்திருந்தார். களத்தில் இருந்தவர்கள் இந்த மூவரே. இந்த எண்ணிக்கையை வாசகர் நினைவில் கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். “உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

“என்னையவா? தாடிய கீடிய வழிச்சிருப்பனே ஐயா, முன்னவே சொல்லியிருந்தா” என்று வெள்ளையன் சிரித்து, தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு பொலிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன். ‘பீப்’ என்றது. படம் முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார். மாடு ஒன்று சாமைத் தாளில் வாய் வைக்கப் போனதைக் கண்டு, “ஏய், ஹே!” என்று ஓரடி விலகினார். அதன் பிறகே படம் விழுந்தது.

காளியம்மா ஓடி வந்து, முந்தானையை வெயிலுக்கு மறைவாகப் பிடித்துக் காமிராவின் திரையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வந்தவரின் முகம் மாறியது.

“யோவ், நீ எங்க? உன்னக் காணம். பொலி மட்டுந்தான் இருக்குது!”

“என்னா சொல்ற?”

“வந்து பாருய்யா. அளக்காத பொலிய அப்பிடியே புடிச்சி உள்ள வெச்சிருக்காரு.”

வெள்ளையன் பார்த்தார். தம்பியும் பார்த்தார். வெள்ளையன் என்னைச் சார் என்றோ ஐயா என்றோ அழைக்காமல் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்க. அளக்கற வரைக்கும் பொலிய நாங்களே இவ்ளோ அவ்ளோன்னு வாயால சொல்ல மாட்டமுங்க. மொத படி போடறப்பகூட ஒண்ணுன்னு எண்ண மாட்டம், லாபம்னுதான் சொல்லுவம். கண்ணு ஆவாதுங்க.”

“இது அத்தினி கண்ணுக்கும் மேல இல்ல இருக்குது” என்றார் தம்பி, லென்சைச் சுட்டி. “நெட்டுல போட்டா ஊரு ஒலகமே பாக்கும்.”

“அப்பறம் வெளைச்சல் ஏது? படத்துல இருக்கற சாமையத்தான் அடுத்த வருசம் ஒலையில போடணும்” என்றார் காளியம்மா.

கண்ணேறு பற்றி என் கருத்து வேறு. ஆனால் களம் அவருடையது, சாமை அவருடையது. அவர் முகத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, அவர் அனுமதிக்காததை எடுத்துக்கொண்டவனாக நான் நின்றேன். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று காட்ட ஒரு வழிதான் இருந்தது: என் காமிரா மெதுவானது என்று சொல்ல வேண்டும், அதுவும் தணிகாசலத்தின் காதுபட. சொன்னேன். ஒலி முதலில் வரும், படம் பின்னால் விழும் என்று விளக்கி, களத்துத் தூணை ஒருமுறை எடுத்தும் காட்டினேன். பின்னால் தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

வெள்ளையனின் முகம் தெளிந்தது. “அட, அவ்ளோதானுங்களா? ஐயா மேல தப்பில்லீங்க, நாந்தான் அவசரப்பட்டு நவுந்துட்டன். அந்த ஒண்ண மட்டும் அழிச்சிடுங்க. பொழுது சாய அளப்பம். அளந்தப்பறம் எத்தினி வேணும்னாலும் எடுங்க, நானே நிக்கறன்.”

“எங்கள் பேருந்து நான்கு மணிக்கு. ஆனால் அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடுகிறேன்” என்றேன். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்வதற்காகப் பையில் கை விட்டேன்.

“குடுங்க சார், இதெல்லாம் உங்களுக்கு வராது” என்று தணிகாசலம் காமிராவை என் கழுத்திலிருந்தே இழுத்தார். உச்சிவெயில், மறைப்பு இல்லாமல் அந்தத் திரையில் எதுவும் தெரியாது. அவர் மறைப்புத் தேடவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்தினார். காளியம்மா முந்தானையை மறுபடி பிடித்தபோது, படம் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு ஒன்றே திரையில் இருந்தது. ஏரிகள், பனி, காப்பிப் பழம், குப்பை, பொலி, எல்லாம் போயின.

“என்ன சார் இது, ஒண்ணை அழின்னா எல்லாத்தையும் அழிச்சிடுச்சு? மட்டமான கேமரா” என்றார் தணிகாசலம்.

அயலார் களத்தில் நின்று ஒரு கல்லூரி ஆசிரியர் மற்றொரு கல்லூரி ஆசிரியரைத் திட்டக் கூடாது.

“போயிடுச்சுங்களா?” என்று வெள்ளையன் கேட்டார்.

“போய்விட்டது. அந்தப் படம் இனி எங்கும் இருக்காது. இது என் வாக்கு.”

“அதுக்குன்னு எல்லாத்தையுமா?” காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்து, “ஏனுங்க, களை எடுக்கச் சொன்னா பயிரையே புடுங்கறவரா நீங்க?” என்றார். பிறகு எங்களை விடவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார். தணிகாசலம் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

நான்கு மணிக்கு இறங்குமுகம். ஐந்தாவது வளைவில் அவராகவே, “நல்ல கேமராவா இருந்தா, அழிக்கட்டுமான்னு ரெண்டு தடவை கேக்கும் சார்” என்றார்.

“அது இரண்டு முறை கேட்டது. நீங்கள் இரண்டு முறையும் ஆம் என்றீர்கள்.”

“ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவா?”

“பிறர் கழுத்தில் கிடப்பதை இழுப்பது சின்ன விஷயம் அன்று.”

மலையிலிருந்து இறங்கும்போது பொதுவாக மனிதனுக்கு மனம் இலேசாகும் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு வளைவிலும் கனம் கூடியது. காலையில் கண்ட ஏரிகள் மாலை ஒளியில் இன்னும் அழகாக இருந்தன, பேட்டரியும் மிச்சமிருந்தது, காமிராவை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்றுக்குப் போனேன். கூலி முந்நூறு ரூபாய். எப்படியோ அறிந்து தணிகாசலமும் வந்து நின்றார். குற்ற உணர்வால் என்று அப்போது எண்ணினேன். கடைக்காரர் நினைவட்டையைக் கணினியில் போட்டு நெடுநேரம் பார்த்தார். மீண்டு வந்தவை எல்லாம் மேற்பாதி வானமும் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையுமாக இருந்தன. ஒன்றே ஒன்றுதான் முழுதாக வந்தது. பொலி.

அதைப் பெரிய திரையில் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். உச்சிவெயில் மேலிருந்து நேராக விழுந்து, ஒவ்வொரு மணியும் தனித்தனியே நின்றது. ஓரத்தில் வெள்ளையனின் தலைத்துண்டு நுனி மட்டும். நான் எடுத்த படங்களில் அதற்கு இணையானது இல்லை. என் காமிராவைப் பழித்த ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு படம் போதும்.

“சார்! இது அட்டைப்படம் சார்” என்றார் தணிகாசலம். அவர் குரலில் முதன்முறையாக மரியாதை இருந்தது. “நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். நாலாயிர ரூபா கேமராவா இது!”

“இதை அழிக்க வேண்டும்” என்றேன்.

“ஏன் சார்? நேத்து சாயங்காலமே அளந்திருப்பாங்க. இனிமே கண்ணு பட்டா என்ன, படாட்டி என்ன? மலையில இருக்கறவங்களுக்கு மலர் போய்ச் சேரவா போவுது?” பிறகு கடைக்காரரிடம் திரும்பினார். “தம்பி, இத எனக்கு வாட்சப்புல அனுப்பு.”

“கார்டு சாருதுங்க. சார் சொன்னா அனுப்பறன்” என்றார் கடைக்காரர்.

அளப்பதற்கு முன்பு வரை என்று நான் காலவரை வைத்து வாக்குக் கொடுக்கவில்லை. எங்கும் இருக்காது என்று சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டேன். எந்த விசை என்று கடைக்காரரைக் கேட்டு, அதை நானே அழுத்தினேன். தணிகாசலம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

படம் இல்லாத என் கட்டுரையை மன்றம் ஏற்கவில்லை. ஆண்டுமலரில் தணிகாசலத்தின் கட்டுரை வந்தது. அவருடைய முகமும் அதற்குப் பின்னால் சிறிது மலையும் அட்டையில் வந்தன. களத்தில் மலைமக்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டதாகவும், வரலாற்றுப் பேராசிரியர் கை நடுங்கித் தம் படங்களையெல்லாம் தாமே அழித்துவிட்டதாகவும், தாம் குறுக்கே நின்று காப்பாற்றியதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

எங்களை எவரும் சூழவில்லை. களத்தில் இருந்தவர்கள் மூவர். அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். என் கை நடுங்கவில்லை. வத்தல்மலையில் நான் ஒரு படத்தையும் அழிக்கவில்லை. நான் அழித்தது ஒரே ஒரு படம். அதை மறுநாள், தருமபுரியில், தணிகாசலத்தின் கண்ணெதிரில் அழித்தேன்.