படிவம் கேட்காத பதில்

அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகத் திட்டமிட்டோம். சேலையூர் வீட்டில் உட்கார்ந்து இருவருக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் மூன்று வாரம் பழகிய திமிர் எனக்கு. 'நீச்சல் தெரியுமா?' என்ற கேள்விக்கு எனக்குத் 'தெரியும்', மனைவிக்குத் 'தெரியாது' என்று போட்டேன். அவளைக் கேட்கவே இல்லை.

கோவளத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். படிவத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அப்பாவோட வலை பாறையில சிக்கினா, முங்கிப் போய் எடுத்து வுடறது யாருன்னு நெனைச்சீங்க? நான்தான்."

அன்று மாலையே குளத்தின் இந்த முனையில் முங்கி அந்த முனையில் எழுந்தாள். நான் பாதியிலேயே மூச்சு வாங்குகிறவன்.

வெட்கத்தோடு படிவத்தைத் திருத்தினேன். தண்ணீருக்குள் எனக்குத் துணை யார் என்று கேட்டிருந்தார்கள். அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'என் மனைவி' என்றும் எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை.