கமலாவுக்கு ஜன்னலோரம்

சான்டா கிளாராவில் மளிகைக் கடை வாசலில் கறிவேப்பிலைக் கட்டோடு நின்றபோது செய்தி வந்தது. எங்கள் கம்போடியா வாட்ஸ்அப் குழு, பயணம் முடிந்த பிறகும் காலை வணக்கப் பூக்களாலேயே உயிர் வாழ்வது. அன்றைய ரோஜாவுக்குக் கீழே வரதனின் மகள் நித்யா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். யாரோ அவசரத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உடனே அழித்தார்கள். வரதன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எனக்கு அழுகைதான் வந்தது.

குபெர்டினோவில் ஒரே அலுவலகத்துக்கு ஒரே காரில் போய் வந்தவர்கள் வரதனும் நானும். அங்கோர் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர் மனைவி கமலாவின் ஆசை. இருவருக்கும் பதிவு செய்த பிறகு கமலா போய்விட்டார். வரதன் ரத்து செய்யவில்லை. தள்ளிவைத்து, முதல் வருஷத் திதி முடிந்ததும் எங்களோடு கிளம்பினார். "கமலா இல்லாம வேண்டாமே" என்றேன். "நான் போய்ப் பாத்துட்டுச் சொல்லலைன்னா அவ சும்மா விடமாட்டா சார்" என்றார். கமலா ஆசைப்பட்ட இடத்தில் மனிதர் உடைந்துபோய்விடக் கூடாதே என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும்.

சியெம் ரீப்பில் பேருந்து ஏறியதும் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடைப்பக்கம் உட்கார்ந்தார். குழுவில் மூத்தவரான சரோஜா ஆன்ட்டி, காலி இடமென்று தன் சாப்பாட்டுப் பையை அங்கே வைக்கப்போனார். "அது கமலா சீட் ஆன்ட்டி. பையை என் மடியில வைங்க, டேஸ்ட் பண்ணிட்டே வரேன்." சொன்னபடியே செய்தார். குலேன் மலை போய்ச் சேருவதற்குள் புளியோதரை பாதியாகிவிட்டது.

அந்த மலையில் ஆற்றுப் படுகைப் பாறையெல்லாம் சிவலிங்கங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றின் மேல் தண்ணீர் ஓடிப்போய் அருவியாக விழுகிறது. நாங்கள் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வரதன் நேரே இறங்கிப்போய் அருவியில் தலையைக் கொடுத்தார். "ஐயர் இல்ல, க்யூ இல்ல, நாள் பூரா அபிஷேகம்! கமலா, பாத்தியா?" என்று கத்தினார். சுற்றுலா வந்த ஒரு ஜப்பானியத் தம்பதி கமலாவைத் தேடி எங்கள் பக்கம் பார்த்தார்கள்.

சிக்கல் அங்கோர் வாட்டில்தான் வந்தது. சுற்று மண்டபத்தில் வழிகாட்டிப் பெண் வலப்பக்கம் கைகாட்ட, எங்கள் கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் திரும்பி வலம்வரத் தொடங்கியது. கோயிலென்றால் கால்கள் வேறு வழி போகுமா? இடமாகச் சுற்றினால்தான் சிற்பக் கதைகள் வரிசையாக வரும் என்று அவர் ஓடி வந்து மறித்தார். சரோஜா ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "இடமா சுத்தறதா? செத்தவங்களுக்குத்தான் அப்படிப் பண்ணுவாங்க!" சொன்ன வேகத்தில் வரதனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

வரதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அப்போ எனக்கு இதுதான் ரைட் ரூட். நீங்க அப்படி வாங்க. நான் கமலாவுக்குக் கதை சொல்லிட்டே இப்படி வரேன். பாற்கடல்ல மீட் பண்ணலாம்."

பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. "ஒண்ணு விடாம சொல்லிட்டேன் சார்" என்றவர், பாம்பை இழுக்கும் அசுரர்களில் ஒருவனைக் காட்டினார். "இவன் நம்ம பழைய மேனேஜர் மாதிரி இல்ல? அதையும் சொல்லிட்டேன்." முதலில் சிரித்தது சரோஜா ஆன்ட்டிதான். எங்கள் கவலை அங்கேயே தீர்ந்தது.

வரதனை வழியனுப்பிய அன்று, பெட்டியை இடமாகச் சுற்றி வரச் சொன்னார் புரோகிதர். பழக்கத்தில் வலமாகத் திரும்பிய ஆன்ட்டியின் கையைப் பிடித்து, "இதுதான் ரைட் ரூட் ஆன்ட்டி" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். யார் யார் வந்திருக்கிறார்கள், வெளியே வெயில் எப்படி என்று வரதனுக்குச் சொல்லிக்கொண்டே சுற்றினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கண்ணில் படுவதையெல்லாம், இல்லாதவர்களுக்கும் சொல்வது. நேற்று ஃப்ரீவேயில் ஏறுமுன், பக்கத்து சீட்டில் கிடந்த என் பையை எடுத்துப் பின்னால் வைத்தேன். இந்த வருஷம் நல்ல மழை, வரதன். குன்றெல்லாம் பச்சையாக இருக்கிறது.