தம்பியின் கைமணம்

பிரேக் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ரகமாகவே வந்து சேருவார்கள் கற்றுக்கொள்ள. பக்கத்து இருக்கையில் இருக்கும் அவள் கத்தமாட்டாள். தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதிப்பாள். வண்டி நின்றதும், "கண்ணைத் திறங்க, லாரி போயிடுச்சு" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

முதலில் அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவள் கட்டணம் வாங்கிப்போடும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுக்கிறவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட, "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, ஒரு வாரம் சமாளி" என்றார் முதலாளி. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வருவது சாயங்காலத்தில். ஆகவே மற்றவர்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் அவளுக்கு வேலை சூடு பிடிக்கும். இருட்டிய பிறகு, பிரேக்கை மிதித்து மிதித்து மரத்துப்போன வலது காலோடு மாடிப்படி ஏறுவாள். கணவன் அவளுக்கு முன்பே வந்திருப்பான். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை அவனுக்கு. கண்களுக்கு ஓய்வு என்று விளக்கை அணைத்துவிட்டுச் சாய்ந்திருப்பான். வயிறு மட்டும் விழித்திருக்கும்.

டப்பா பீன்ஸ் அந்த வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். வெந்த சிவப்புப் பயறு, தகர டப்பாவில் அடைத்தது. காய்ந்த பயறாக இருந்தால் முதல்நாளே ஊறவைக்க வேண்டும், பிறகு பொழுதுக்கும் வேகவைக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். டப்பா என்றால் திறந்து, தாளித்து, மசித்து, ரொட்டியோடு தட்டில் வைக்க கால்மணி நேரம் போதும். முதலில் அவசரத்துக்குச் செய்ததுதான். போகப்போக அதில் அவள் கை தேர்ந்துவிட்டது. சீரகத்தை எப்போது போடுவது, டப்பாத் தண்ணீரில் எவ்வளவு நிறுத்திவைப்பது என்று ஒவ்வொன்றாகத் தானே கண்டுபிடித்தாள். ஒன்பது வருஷமாக வாரத்தில் இரண்டு நாள் அதுதான் ராச்சாப்பாடு. கணவனும் தட்டை வழித்துச் சாப்பிடுவான். நல்லா இருக்கு என்று சொன்னதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை.

சொல்வதற்கென்று வேறு ஆள் இருந்தார். கணவனின் அக்கா. பேருந்தில் மூன்று நிறுத்தம் தள்ளி வீடு. தம்பி வீட்டுக்கு வரும்போது கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார்.

"இன்னைக்கும் டப்பாவா?"

"ஆமா அண்ணி. உக்காருங்க, ரெண்டு ரொட்டி வைக்கிறேன்."

"எனக்கு வேணாம்மா. பயறுன்னா ராத்திரி ஊறணும், காலையில வேகணும். டப்பாவைத் திறக்கறதுக்குப் பேரு சமையலா? திருடன்கூடத்தான் திறப்பான்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "வாய் விட்டுக் கேக்கவே மாட்டான், பாவம்" என்று அவன் தோளைத் தடவுவார். பாவம் எனப்பட்டவன் மூன்றாவது ரொட்டியை மடித்துக்கொண்டிருப்பான்.

பிரேக் அக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் எதுவும் காதோடு நின்றுவிடவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு பல் டாக்டர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். ஒரு திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்துவிட்டார். அக்காவும் தன் பிரேக்கை மிதித்தாள்தான். அதற்குள் வண்டி விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டது. முன்னால் ஊன்றிய அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. டாக்டர்தான் அதிகம் அழுதார். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, கையை அசைக்கவே கூடாது என்று அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு மூன்று நாள் கடைச் சாப்பாட்டில் ஓடியது. அது ஒத்துக்கொள்ளவில்லை. கணவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "நான் ஏதாவது செய்யட்டுமா?"

"செய்யுங்க. நான் சொல்றேன்."

அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு, தொங்கும் கையோடு உட்கார்ந்தாள். வண்டியில் உட்காருகிற மாதிரியேதான்.

"வெங்காயத்தைப் பொடியா வெட்டுங்க. எண்ணெயோட கொஞ்சம் வெண்ணெயும் போடுங்க. ம், இப்ப வெங்காயம். கிண்டிக்கிட்டே இருக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"கருகிடாதா?"

"ஓரம் பழுப்பாகணும். அதுவரைக்கும் பொறுமை வேணும். டப்பாவைத் திறங்க. தண்ணியை முழுக்கக் கொட்டிடாதீங்க! பாதியைக் கிண்ணத்துல வைங்க, பின்னாடி வேணும். இப்பப் பூண்டு. வாசனை வந்துடுச்சா? மிளகாத்தூள், சீரகத்தூள். நிக்காதீங்க, தூள் கருகுனா கசக்கும், பயறைக் கொட்டுங்க!"

கொட்டினான். கிண்ணத்துத் தண்ணீரையும் ஊற்றி, மத்தை எடுத்து மசித்தான். எல்லாவற்றையும் கூழாக்கப் போனவனை நிறுத்தினாள். "பாதி மசியணும், பாதி பல்லுல படணும். அடியில கரண்டியை இழுத்துப் பாருங்க. கோடு விழுந்து அப்படியே நின்னா எறக்கிடலாம். உப்பு கடைசியில, டப்பாவுலயே உப்பு இருக்கு. எலுமிச்சம்பழம் அடுப்பை அணைச்சப்புறம்."

நன்றாகவே வந்தது. இடது கையால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷம்தான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் நாத்தனார் கட்டைப் பார்க்க வந்தார். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே தம்பி கரண்டியும் கையுமாக நின்றான்.

"ஐயோ தம்பி! நீயா? நீயா செஞ்சே?" மூடியைத் திறந்தார், ஒரு ஸ்பூன் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அடடா! என்ன ருசி! இந்தக் கைமணம் நம்ம அப்பா வழியில வந்தது. ரத்தத்துலயே இருக்கு."

பிரேக் அக்கா நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். "அண்ணி, அது டப்பா பீன்ஸ்தான்."

"இருக்கட்டுமே. வேலைக்குப் போயிட்டு வர்றவன் வேற எப்படிம்மா செய்வான்? அதுதான் சாமர்த்தியம்!"

பிரேக் அக்கா அதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வேலைக்குப் போயிட்டு வர்றவன்! அவள் இத்தனை வருஷமாக ஊஞ்சலாடிவிட்டா வந்தாள்? நாத்தனாரோ போனில் தம்பியையும் சட்டியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதும் சாப்பிட்டார்.

அந்தப் படம் சொந்தக்காரர்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றியது. கீழ்வீட்டு டீச்சரம்மா மாடிப்படியில் அவனை நிறுத்தி, "உங்களை மாதிரி எத்தனை பேர் சார் இருப்பாங்க!" என்றார். கடைக்கு டப்பாவில் கொண்டுபோனான். கடை முதலாளி விரலைச் சூப்பினாராம். புகழ் யாருக்குத்தான் கசக்கும்? அவனும் பேச ஆரம்பித்தான். ஒரு நாள் போனில் யாருக்கோ, "வெங்காயம் ஓரம் பழுப்பாகணும்ங்க. அதுவரைக்கும் பொறுமை வேணும். அங்கதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தான். வைத்ததும் அவள் கேட்டாள்.

"அது யார் சொன்னதுங்க?"

"எது?"

அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. திருடினவனையாவது திட்டலாம்.

நாத்தனாரின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சொந்தக்காரர்களுக்கு அவர்கள் வீட்டில் விருந்து. "தம்பி பீன்ஸ் இல்லாம விருந்தே இல்ல" என்று நாத்தனார் கூப்பிட்டுச் சொல்ல, அவன் ஒரு பை நிறைய டப்பாவோடு கிளம்பினான். அக்காவும் கட்டுக் கையோடு போனாள். பெரிய சட்டியில் அவன் தனியாகவே செய்தான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடி பிடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் அவள் மனதார வேண்டிக்கொண்டாள். பிடிக்கவில்லை. அதற்கும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துத் தொலைத்திருக்கிறாள்.

சட்டி காலியானது. ஓய்வு பெற்றவர் உரக்கக் கேட்டார். "மச்சான், இதெல்லாம் எங்கய்யா கத்துக்கிட்டே?"

அவன் நேர்மையாகத்தான் பதில் சொன்னான். "நான் என்னங்க செஞ்சேன்? இவ சொன்னா, நான் கிண்டினேன்."

கூடம் முழுக்க ஆகா என்றது. "பாத்தியா, எவ்வளவு தன்னடக்கம்!" "பொண்டாட்டியை விட்டுக்கொடுக்கவே மாட்டான் என் தம்பி!" அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உருகினார். "நீ குடுத்து வெச்சவம்மா!"

அக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். குரல் இறங்கியது. என்ன சொல்கிறாள் என்று கேட்க ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"அண்ணி, ஒன்பது வருஷமா இதே டப்பா, இதே வெங்காயம், இதே சட்டி. ஒரு வாய் சாப்பிட்டிருக்கீங்களா? திருடன்கூடத் திறப்பான்னு சொன்னீங்க. நான் திறந்தா தகர டப்பா, உங்க தம்பி திறந்தா தங்க டப்பாவா?"

நாத்தனார் முகம் சிவந்தது. "விளையாட்டுக்குச் சொன்னதை எல்லாம் மனசுல வெச்சுக்குவியா?"

"விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிச்சிருக்கணும் அண்ணி. நீங்க மட்டும்தான் சிரிச்சீங்க."

யாரோ தண்ணீர் வேண்டும் என்றார்கள், யாரும் எடுக்கப் போகவில்லை. அக்கா முடிக்கவில்லை. "இவ்வளவு கைமணம் உள்ளவரை அடுப்பை விட்டு நகத்தறது பெரிய பாவம். அதனால கட்டு பிரிச்சப்புறமும் வேலை நாள்ல ராச்சாப்பாடு அவர்தான். நீங்க எல்லாரும் சாட்சி."

ஓய்வு பெற்றவர் இதை நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

திரும்பும்போது பேருந்தில் கணவன் கேட்டான். "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"பாராட்டு எல்லார் முன்னாடியும்தானே வாங்கினீங்க?"

"நான் உண்மையைத்தானே சொன்னேன், நீ சொல்லிக்கொடுத்தேன்னு."

"சொன்னீங்க. அவங்க அதைத் தன்னடக்கம்னு சிரிச்சப்ப நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க." ஜன்னல் கண்ணாடியில் படிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டே வந்தான், அது வெளிப்பக்கம் இருந்தது தெரியாமல்.

கட்டு பிரித்தார்கள். கை கொஞ்சம் இளைத்திருந்தது, வலுவாகத்தான் இருந்தது. பிரேக் அக்கா மறுபடி வண்டி ஏறினாள். பல் டாக்டர் ஒரு பெரிய பூங்கொத்தோடு வந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். வீட்டில் கணவன் முதல் வாரம் நழுவப் பார்த்தான். கடைச் சாப்பாடு வாங்கி வந்தான். அவள் அதைத் தொடவில்லை, வெறும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனாள். அடுத்த வாரம் அடுப்பு எரிந்தது. பீன்ஸ் மட்டும் போதாது என்று தெரிந்து முட்டை, கீரை, உருளைக்கிழங்கு என்று அவனாகவே கை வைக்கத் தொடங்கினான்.

புகழ் மட்டும் பட்டென்று நின்றுவிட்டது. ஒருநாள் செய்தால்தான் கைமணம்; தினமும் செய்தால் தலையெழுத்து போலிருக்கிறது. நாத்தனார் இப்போது வேறு பாட்டுப் பாடுவதாகக் கீழ்வீட்டு டீச்சரம்மா வந்து சொன்னார். "பொழுதெல்லாம் கண்ணு நோக வேலை செஞ்சுட்டு வந்து, என் தம்பி அடுப்புல வேகறான்னு அழறாங்க."

"அதே அடுப்புல நான் வெந்தப்ப யாருக்கும் வாசனை வரலையா?" என்று கேட்டாள் பிரேக் அக்கா. டீச்சரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு அடுத்தடுத்து நான்கு பேர். நால்வரும் நான்கு விதமாக உயிரை வாங்கினார்கள். வீடு வந்து கால் கழுவி உட்கார்ந்தாள். கணவன் ரொட்டியும் பீன்ஸும் வைத்த தட்டை அவள் முன்னால் நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தான். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், "எப்படி இருக்கு?" என்றான்.

"எலுமிச்சை கம்மி."

அவனுக்குச் சுருக்கென்றது. "பொழுதுக்கும் வேலை பாத்துட்டு வந்து நின்னு செஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை நல்லதா சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

பிரேக் அக்கா மென்றதை விழுங்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டான். ஆனாலும் கரண்டி நிறையப் போட்டான்.